காலிப் பெட்டிக்கும் கரண்ட் ஓடும்!

நோணாங்குப்பம் மளிகைக் கடையானாலும் புதுவை மொத்த வியாபாரமானாலும், பாதி காலியாக இரண்டு ஃபிரீசர் ஓடினால் சரக்கை ஒன்றில் சேர்த்து மற்றதை நிறுத்துகிறோம். சென்னை அம்பத்தூர், சிறுசேரியில் கணினிகளை அடுக்கி இரவு பகலாக ஓட்டும் தரவு மையங்களுக்கும் இதே கணக்குதான்.

வேலையின்றி நிற்கும் சர்வர் கணினியும், முழு வேலைக்கு இழுக்கும் மின்சாரத்தில் சுமார் பாதியை இழுக்கும் என 2007இல் கூகுள் பொறியாளர்கள் எழுதினர். குளிரூட்டும் செலவு வேறு. ஒரே கணினியை மென்பொருளால் பலவாகப் பிரித்து இயக்கும் 'மெய்நிகராக்கம்' இதற்கு வழி, ஐ.பி.எம். 1972இலேயே இதை வெளியிட்டது. பல கணினிகளின் வேலை ஒன்றில் அடங்கும், மீதியை அணைக்கலாம்.

பில்லுக்கு, குடோன் இருப்புக்கு, கணக்குக்கு எனத் தனித்தனி சர்வர் வாங்குமுன் இதை விசாரிப்போம். ஒன்று பழுதானால் மூன்றும் நிற்கும். ஆகவே தினமும் நகல் எடுத்து வேறிடத்தில் வைப்போம்.