எதில் நூற்று நாற்பது?

“நூத்தி நாப்பது ஆயா. காலையில மாத்திரை போட்டீங்களா?”

செஞ்சியில் என் பெரியம்மா வீட்டுத் திண்ணை. பிரஷர் மிஷினோடு வந்திருந்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். பெரியம்மாவுக்கு எதையும் கேட்டுவிட வேண்டும். “காய்ச்சலுக்கு டிகிரிங்கற, எடைக்குக் கிலோங்கற. இது எதுல நூத்தி நாப்பது?”

“மில்லிமீட்டர், ஆயா.”

“என்னத்த, துணியா அளக்கற?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, கேள்வி மிகச் சரியானது என்று. மில்லிமீட்டர் நீளத்தின் அளவு. உடம்புக்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை ஏன் துணிபோல அளக்க வேண்டும்?

பதில் மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரமோ, கீழே குழாயில் தண்ணீருக்கு அவ்வளவு வேகம். அழுத்தம் என்பது தண்ணீர் நிற்கும் உயரம்தான். செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மஹாலின் மாடிகளுக்கு மண்குழாயில் தண்ணீர் ஏற்றிய கொத்தர்களும் இந்தக் கணக்கில்தான் வேலை செய்திருக்க வேண்டும். புறப்பட்ட இடத்தைவிட உயரத்துக்குத் தண்ணீர் தானாக ஏறாது.

இதே கணக்கை உயிருள்ள உடம்பில் போட்டுப் பார்த்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழுமாக ஆடியது. 1733இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். குதிரை பாவம்தான். ஆனால் இதயத்தின் பலத்தை மனிதக் கண் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

எட்டடிக் குழாயை நோயாளியின் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியுமா? 1828இல் புவாசுயே என்ற பிரெஞ்சுக்காரர் குழாயில் பாதரசத்தை ஊற்றினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அதனால் எட்டடி ஒரு முழத்துக்குள் அடங்கிவிட்டது. பெரியம்மாவின் 140 அந்தப் பாதரசத்தின் உயரம். அதைத் திரும்ப ரத்தமாக்கிப் பார்த்தால் சுமார் 180 சென்டிமீட்டர், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. பெரியம்மா ஐந்தடி கூட இல்லை. அவருடைய கைப்பிடி அளவு இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் அவரைவிட ஓரடி உயரமான ரத்தத் தூணைத் தூக்கி நிறுத்தும் பலத்தோடு வேலை செய்துகொண்டிருந்தது. அதைச் சொன்னதும்தான் மாத்திரை டப்பாவைத் தேடி எழுந்தார்.

தமனியில் குழாய் செருகாமல் அளக்க வழி சொன்னவர் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி. 1896இல் சைக்கிள் டியூபைக் கையில் சுற்றிக் காற்றடித்தார். மணிக்கட்டில் நாடி எப்போது மறைகிறது என்று விரலால் பார்த்தார். மேல் பிரஷர் மட்டும் கிடைத்தது. கீழ் பிரஷரைக் கொடுத்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ். கையில் சுற்றிய பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முழுக்க நசுங்கிய தமனி மௌனமாக இருக்கிறது. காற்றை மெல்ல இறக்கும்போது ரத்தம் இடுக்கில் பீறிட்டு ‘டக், டக்’ என்கிறது. அது மேல் எண். தமனி முழுக்கத் திறந்ததும் சத்தம் அடங்குகிறது. அது கீழ் எண். பம்ப்செட் ஹோஸைக் காலால் மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: தாராளமாக ஓடும் தண்ணீர் பேசாது, நசுக்கினால் சீறும். 1905இல் அவர் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை. நூறு பக்க ஆய்வேடுகளைப் புரட்ட நேரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இப்போதைய டிஜிட்டல் மிஷினில் பாதரசமும் இல்லை, ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை. பட்டைக்குள் காற்று அதிர்வதை வைத்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ராஜாக்கள் போன பிறகும் செஞ்சிக் கோட்டை மலைக்கு ராஜகிரி என்ற பேர் நின்றுவிட்டதுபோல, மில்லிமீட்டர் மட்டும் நின்றுவிட்டது.

மிஷினின் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு கூடினாலும் பட்டையைச் சுற்றுவது கைதான். அன்று அந்தப் பெண் வந்தவுடன் அளக்கவில்லை. பெரியம்மாவைத் தூணில் சாய்ந்து உட்காரச் சொன்னார். காலைத் தொங்கவிட வேண்டாம் என்று ஒரு மணையை எடுத்துக் காலடியில் போட்டார். பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார். ஐந்து நிமிடம் சும்மா இருந்தார். பெரியம்மாவைப் பேசாமல் உட்காரவைப்பது செஞ்சிக் கோட்டையைப் பிடிப்பதைவிடக் கஷ்டம். முகலாயருக்கே ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது.

முக்கியமாக, இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் கையை நெஞ்சு மட்டத்துக்கு வைத்தார். இதெல்லாம் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். தொட்டிக் கணக்குதான் இங்கும். கை இதயத்துக்கு 13 சென்டிமீட்டர் கீழே, அதாவது அரைச் சாணுக்குச் சற்று மேல், தொங்கினால் அந்த உயர ரத்தத்தின் பாரமும் சேர்ந்து சுமார் 10 மில்லிமீட்டர் கூடிவிடும். 130 என்பது 140 ஆகிவிடும். இல்லாத நோய்க்கு மாத்திரை வந்துவிடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் எண் ஏறும். ரிவா ரோச்சியின் பட்டையே குறுகலானதுதான். 1901இல் ரெக்ளிங்ஹௌசன் அகலமாக்கிய பிறகுதான் கணக்கு நேரானது. ஒருமுறை ஒரு கிளினிக்கில் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க உட்கார்ந்த கையோடு, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி எனக்கு 160 என்றார்கள். மறுநாள் வீட்டில் 128.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது இந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வந்தது. எனக்கு விருதைவிட அந்த இரண்டு தலையணைதான் பெரிதாகப் பட்டது.

இதே திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வலி தணிப்புச் செவிலியரும் வருகிறார். பெரியம்மா தெருவில் ஒரு தாத்தாவைப் பார்க்க வந்தபோது நானும் உடனிருந்தேன். காய்ச்சல் இல்லை. பிரஷர் 130/80. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 95 காட்டியது. மருமகள் நிம்மதியாக மூச்சு விட்டார். செவிலியர் மட்டும் தாத்தாவின் மணிக்கட்டை விடவில்லை. நாடி பார்த்து முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நாடி பார்ப்பதாக அது ஒரு பாவனை. உடம்பின் அளவுகளில் நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடியது மூச்சு ஒன்றுதான். ‘மூச்சை எண்ணப் போகிறேன்’ என்று சொன்ன மறுகணம் எவருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் விரல் நாடியில் இருக்க, கண் மார்பில் இருக்க வேண்டும். முழுதாக ஒரு நிமிடம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. கருவி இல்லாமல் கடிகாரத்தோடு எண்ண வேண்டியிருப்பதால் இந்த வேலையில் அதிகம் தட்டிக்கழிக்கப்படுவதும் இதுவே. பலர் கண்ணை மூடிக்கொண்டு 18 என்றோ 20 என்றோ எழுதிவிடுவார்கள். பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 25ஐத் தொட்டாலே அந்த ஒரு அளவுக்கு உச்சமான 3 மதிப்பெண். நுரையீரலில் சளி கட்டத் தொடங்கும்போது, ஆக்சிமீட்டர் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் பிடித்து ஈடுகட்டப் பார்க்கும். ஆக்சிமீட்டரின் எண் நன்றாக இருப்பதே அந்த ஓட்டத்தால்தான்.

“நாடி எப்படி சிஸ்டர்?” என்றார் மருமகள்.

செவிலியர் பதில் சொல்லாமல் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கியது. பிறகு கையை மெல்லக் கீழே வைத்து, நோட்டில் 26 என்று எழுதிவிட்டு, போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார்.