நார்த்தூளில் நட்ட மிளகாய்க்குச் சுண்ணாம்புச் சத்து ஏன் எட்டுவதில்லை?

மலாக்கா மாநிலத்துச் சுங்கை ரம்பாயில் ஒருவர், மலேசியாவெங்கும் வழக்கிலுள்ள முறைப்படி, தென்னை நார்த்தூள் நிரப்பிய பைகளில் மிளகாய் நட்டு, சொட்டுக்குழாய் வழியே உரநீர் விடுவாராயின், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைக் குறைவறக் கொடுத்தும் காயின் நுனி கருகுவதைக் கண்டு உரக்கடைக்காரரை நிந்திக்கக்கூடும். ஆனால் தோஷம் நார்த்தூளிலேயே இருக்கக்கூடும்.

தென்னை இயல்பாகவே சாம்பல் சத்தையும் சோடியத்தையும் மிகுதியாகச் சேமிக்கும் விருட்சமாதலால், எதிர்மின் தன்மையுடைய அதன் நார்த்தூளில் அவ்விரண்டுமே முன்னதாக இடம்பிடித்திருக்கின்றன. இரட்டை மின்னேற்றம் கொண்ட கால்சியம் வந்தவுடன் அவற்றை வெளியேற்றிவிட்டுத் தானே ஒட்டிக்கொள்ள, வேருக்குக் கிட்டுவதோ வேண்டாத உப்பு! வெறுந்தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் மேலாகக் கிடக்கும் உப்புதான் நீங்குமேயன்றி ஒட்டியிருப்பது நீங்காது. ஆகவேதான் நடுவதற்கு முன்பே கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, பிறகு அலசுகிறார்கள்.

அடுத்தது ஜலத்தின் குணம். கடலோரக் கிணறுகளில் உப்பு கலக்க ஏதுவுண்டாகையால், உரம் சேர்க்குமுன் நீரின் மின்கடத்துதிறனை அளத்தல் அவசியம். கலந்த உரநீரின் அமிலகார நிலை 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்கட்டும். பையடியில் வடியும் நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து அளக்கையில், அதன் மின்கடத்துதிறன் உள்ளே விட்டதைவிட மிக உயர்ந்திருந்தால், பைக்குள் உப்பு தேங்குகிறதென்று அர்த்தம். உரத்தைச் சற்று இளக்கி, விட்டதில் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோ வடியும்படி பாய்ச்சவேண்டும். கடும் வெயிலில் செடி உப்பைவிட நீரையே அதிகம் பருகுவதால், அந்நாட்களில் உரநீர் இன்னும் இளக்கமாயிருத்தல் நலம்.