கண்டித் தோட்டமும் கறிச் சரக்கும்



வாசனைத் திரவியங்களின் நாடு என்று இலங்கை பழங்காலந்தொட்டே பெயர் பெற்றது. ஆயினும், இந்நாட்டு இல்லங்களில் நாள்தோறும் அரைபடும் கறிச் சரக்கிற் பெரும் பகுதி கப்பலேறி வருவதாகும். நாம் விளைவிக்கும் சரக்கு ஒன்று. உண்ணும் சரக்கு மற்றொன்று. இந்நிலையின் நன்மை தீமைகளைக் கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் கொண்டு இன்று ஆராய்வோம்.

கண்டியிலிருந்து கம்பளைப் பக்கமாகவோ, அக்குறணை வழியே மாத்தளைப் பக்கமாகவோ செல்வோர், வீடுகளைச் சூழ்ந்து மரங்கள் அடர்ந்து நிற்பதைக் காண்பர். காடுபோலத் தோன்றும் இவையே கண்டித் தோட்டங்கள். பலாவும் கமுகும் உயர்ந்து நிற்க, அவற்றைப் பற்றி மிளகுக்கொடி ஏறும். இடையிடையே கராம்பும் சாதிக்காயும் கோப்பியும் வளரும். கராம்பும் சாதிக்காயும் கீழைத்தேயத்து மொலுக்காத் தீவுகளைத் தாயகமாகக் கொண்டவை. எனினும், இன்று நாட்டின் சாதிக்காய் விளைவிற் பெரும் பங்கு கண்டி மாவட்டத்துக்கே உரியது. கராம்பு கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களிற் செழிக்கின்றது.

இவ்விளைச்சலைப் பெறுவது எளிதன்று. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவே எஞ்சும். கராம்பை மொட்டு விரியுமுன் பறித்தல் வேண்டும். உயர்ந்த மரங்களில் ஏறிப் பறிப்போர் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றனர். அம்மரமோ ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். கைச்செலவுக்குப் பணம் வேண்டியும் களவுக்கு அஞ்சியும், முற்றாத மிளகையே பறித்து விற்போரும் உளர். ஏலத்தின் கதை வேறு. நக்கிள்ஸ் மலைக்காட்டின் நிழலில் நெடுங்காலம் ஏலம் பயிரிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அக்காடு பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டபின் அப்பயிர்ச்செய்கைக்கு இடமில்லாமற் போயிற்று. நீரூற்றுகளைக் காக்க அது வேண்டியதே. ஏல விளைவு அதனாற் சுருங்கியதும் உண்மையே.

இனி, சந்தையை நோக்குவோம். நமது மிளகின் பெரும் பகுதியை வாங்குவது இந்தியா. 1998 இல் கைச்சாத்தாகி 2000 இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இதற்கு வழி திறந்தது. ஆனால், 2017 டிசம்பரில், கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யலாகாது என இந்தியா விதித்தது. அங்கே எழுதப்பட்ட ஓர் ஆணை, கண்டித் தோட்டத்து மிளகின் விலையை அசைக்க வல்லதாயிற்று.

மறுபுறம், செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் சீரகமும் பெரிதும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மிளகாய்ச் செய்கையாளர் நல்ல விலை கண்டனர். 1977 இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட, அந்நிலை மாறிற்று. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இதன் விளைவை யாவரும் உணர்ந்தனர். மிளகு விற்றவனுக்குக் கூடுதல் ரூபா கிடைத்தது. அதே ரூபாவைக் கொண்டு அவன் மனைவி வாங்கிய மல்லியும் சீரகமும் விலையேறியிருந்தன. தோட்டம் ஈட்டியதை அடுக்களை செலவழித்தது எனலாம். தோட்டமே இல்லாத நகரத்துக் குடும்பமும் மலைநாட்டுத் தொழிலாளர் குடும்பமும் ஈட்டமின்றி இழப்பை மட்டுமே கண்டன.

அப்படியாயின், இறக்குமதியைத் தடுத்துவிட்டால் உள்நாட்டு விளைவு பெருகாதா என்று கேட்கலாம். இதற்கு மஞ்சள் தக்க விடை தருகின்றது. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்தது. மறு ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, மஞ்சள் நீர் தெளிக்கும் வழக்கத்தால் தேவையும் கூடிற்று. கிலோ சில நூறு ரூபாவாக இருந்த விலை ஆயிரங்களைத் தாண்டியது. மாக் கலந்த மஞ்சள்தூள் கடைகளிற் புகுந்தது. பாக்கு நீரிணை வழியே கள்ளத்தனமாக வந்த மூட்டைகளைக் கடற்படையினர் கைப்பற்றினர்.

விளைச்சல் உடனே பெருகாததற்குக் காரணம் தெளிவு. மஞ்சள் நட்டு அறுவடை செய்ய எட்டு, ஒன்பது மாதங்கள் வேண்டும். விதைக்கும் கிழங்கும் உண்ணும் கிழங்கும் ஒன்றே. ஆகையால், தட்டுப்பாட்டுக் காலத்தில் விதையும் கிடைப்பதரிது. அவித்து உலர்த்தினால் ஐந்து கிலோ பச்சை மஞ்சள் ஏறத்தாழ ஒரு கிலோவாகக் குறையும். சட்டத்தை ஒரு நாளில் இயற்றலாம். கிழங்கு அதற்குரிய காலத்திலேயே முற்றும்.

ஆகவே, செய்யத்தக்கது யாது? எல்லாச் சரக்கையும் நாமே விளைவிக்க முயல்வது வீண். சீரகம் கண்டியின் மழைக்கு இசையாது. மஞ்சளும் இஞ்சியுமோ மர நிழலிலும் நன்கு வளர்பவை. கண்டித் தோட்டத்தின் அடித்தட்டு அவற்றுக்கு ஏற்றது. முதலில் நல்ல விதைக்கிழங்கு போதிய அளவில் பெருக வேண்டும். அதன்பின் இறக்குமதியைப் படிப்படியாகக் குறைக்கலாம். அக்காலக் கெடுவை முன்கூட்டியே அறிவித்தால், நடுபவனும் வாங்குபவனும் தத்தம் கணக்கைச் சரிசெய்துகொள்வர். மாத்தளையில் ஆராய்ச்சி நிலையம் நடத்தும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம், சிறு தோட்டக்காரர் அறிந்த நிறுவனமே. ஏற்றுமதிச் சரக்கில் அவர்களுக்குக் கிட்டும் நாற்றும் அறிவுரையும், அடுக்களைச் சரக்குக்கும் தவறாமற் கிட்டுமாயின், கண்டித் தோட்டம் கடல் கடந்த சந்தைக்கு மட்டுமன்றி, அயல் வீட்டு அம்மிக்கும் பயன்படும்.