கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் டீக் கோப்பையைக் கையில் வாங்கியதும் பலரும் கேட்பது இதுதான்: "தெருவெல்லாம் புகை அடிக்கிறார்கள், வீட்டுக்குள் கொசு குறையவே இல்லையே, ஏன்?" உட்காருங்கள், நிதானமாகப் பேசுவோம்.

முதலில் கடிப்பது எந்தக் கொசு என்று பார்க்க வேண்டும். ராத்திரி காதோரம் ரீங்காரமிடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்வது. பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாயுமுன்பும், சத்தம் காட்டாமல் கணுக்காலில் கடிப்பது ஏடிஸ். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வரிகள். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுதான். வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் இதற்குப் பிடித்த இடம். பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. ஆகவே பகலில் உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது கொல்லையில் இருக்கும் சிமெண்ட் தொட்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்ணீரில் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து கீழே போகிறதே, அதுதான் கூத்தாடிப் புழு. ஆனால் அதற்கும் முந்தியது கண்ணில் படாது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. கறுத்த தூள் மாதிரி இருக்கும். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷ்ஷோ எடுத்து உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். சுவரில் இருக்கும் முட்டையையும் தண்ணீரில் இருக்கும் புழுவையும் தொடாது. நம் ஊர் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் தேய்த்துவிட்டால் சங்கிலி அறுந்துபோகும்.

எங்கெல்லாம் பார்ப்பது? பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்கச்சி, புழங்காத ஆட்டுக்கல். சம்ப்புக்கும் மாடித் தொட்டிக்கும் இடுக்கில்லாத மூடி வேண்டும். நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை அங்கேயும் கிணற்றிலும்தான் வளர்கிறது. கிணற்றில் கம்பூசியா மீன் விடலாம். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலையைக் கட்டிவிட்டால் ராத்திரிக் கொசுவும் குறையும்.

கடி படாமல் இருக்க ஃபேனே நல்ல துணை. காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவுக்குத் தெம்பு கிடையாது. பகலில் தூங்கும் கைக்குழந்தையைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். வீட்டில் யாருக்காவது டெங்கு என்றால் அவரும் பகலில் வலைக்குள்தான் இருக்க வேண்டும். அவரைக் கடித்த ஏடிஸ் சில நாளில் அடுத்தவருக்கும் நோயைக் கொடுக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். கொசுவுக்கு மதில் சுவர் ஒரு பொருட்டே இல்லை. ஒரே கிழமையில் இரண்டு வீட்டிலும் தொட்டியைத் தேய்த்தால்தான் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தப்பிப்பார்கள்.