மாஸ்கிங் பாட்டில்: திறக்கும் முன் லேபிள், திறந்த பின் பில்

ஐதராபாத்தின் காஞ்சன்பாக்கில் ஏவுகணை மாடலுக்குப் பஞ்சமே இல்லை. டி.ஆர்.டி.எல்., டி.எம்.ஆர்.எல்., பி.டி.எல்., மிதானி என்று ஏவுகணைக்கும் உலோகத்துக்குமான ஆய்வகங்களும் ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கும் பகுதி இது. அப்துல் கலாம் 1982இல் டி.ஆர்.டி.எல். இயக்குநரானார், மறு ஆண்டே ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. பிருத்வியையும் அக்னியையும் சின்ன அளவில் செய்து பார்க்க இங்கே பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த மாடலுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கும் மாஸ்கிங் திரவத்தை எப்படிக் கையாள்வது என்பதைப் பெரியவர்களுக்கே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகள் இவைதான். மாஸ்கிங் திரவமாகப் பயன்படுத்தக் கெமிக்கல் கடையில் லூஸாக வாங்கிய ரப்பர் பாலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கிறார்கள். கையில் தடிப்பு வந்தால் கொசுக்கடி என்று விட்டுவிடுகிறார்கள். விமான மாடலின் கேனபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) புகை படிந்ததுபோல் மங்கிப்போனால், கோபத்தில் பாட்டில், அட்டைப்பெட்டி, பில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு "யாரிடம் புகார் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். ஆதாரத்தைத் தாங்களே அழித்துவிட்டுக் கேட்டால் யார் என்ன செய்ய முடியும்?

பெயின்ட் படக்கூடாத இடத்தில் தடவி, காய்ந்ததும் மேலே பெயின்ட் அடித்து, பிறகு தோல்போல உரித்தெடுக்கும் திரவம்தான் மாஸ்கிங் திரவம். ஹம்ப்ரோலின் மாஸ்கால், மிஸ்டர் ஹாபியின் மாஸ்கிங் சோல், வயெஹோவின் லிக்விட் மாஸ்க் என்று பல பெயர்களில் வருகிறது. பிராண்டுக்கு பிராண்டு சேர்மானம் மாறும். பலவற்றின் அடிப்படை, கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மரத்தைக் கீறி எடுக்கும் அதே ரப்பர் பால்தான். அது உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அதனால்தான்.

மாடலைக் கெடுப்பதும் பெரும்பாலும் அந்த அம்மோனியாதான். அக்ரிலிக் பெயின்ட்டை அது இளக்கும். கேனபி பளபளக்கத் தரை பாலிஷில் முக்கியெடுக்கும் பழக்கம் மாடல்காரர்களிடம் உண்டு. அந்தப் படலத்தையும் அம்மோனியா கரைத்துவிடும். பித்தளைத் தகட்டில் செய்த நுண்பாகங்கள் மீதும் இதைத் தடவாதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல்விட்டுப் பிளந்தன. லாயத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. உலோகத்துக்கே பெயர்போன காஞ்சன்பாக்கில் இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

தடவும் முறை எளிது. பாட்டிலைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். தூரிகையை முதலில் சோப்பு நீரில் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரப்பர் ஒட்டித் தூரிகை வீணாகும். அடியில் உள்ள பெயின்ட் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் தடவிப் பார்த்த பிறகே மாடலில் கை வையுங்கள். வேலை முடிந்ததும் உரித்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டுவிட்டால் சில திரவங்கள் பெயின்ட்டோடு சேர்ந்துதான் வரும்.

மாடல் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். உடம்பு அப்படியல்ல. இயற்கை ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது. தடிப்பு, அரிப்பு, தும்மல், கண்ணில் நீர் ஆகியவை முதல் அறிகுறிகள். மூச்சு இரைத்தாலோ, உதடு வீங்கினாலோ, தலை சுற்றினாலோ 108ஐ அழையுங்கள். வாழைப்பழம், கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்கும் என்பவர்கள் ரப்பர் பால் கலந்த திரவத்தைத் தொடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். கையுறை போடுவதென்றால் நைட்ரைல் கையுறை. ஒவ்வாமைக்குப் பயந்து லேடெக்ஸ் கையுறை போடுவது கேலிக்கூத்து. ஜன்னலைத் திறந்து வையுங்கள். தூரிகையோ தட்டோ கழுவும்போது பிளீச்சைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அழைக்கும்போது பாட்டில் கையில் இருக்க வேண்டும், அதில் லேபிள் இருக்க வேண்டும். ஆகவே வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

இனி லேபிள். 2011ஆம் ஆண்டின் எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, பொட்டலத்தில் பொருளின் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுச் சரக்கு, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். 10 மில்லிலிட்டரும் அதற்குக் குறைவும் உள்ள பொட்டலத்துக்கு விலக்கு உண்டு. கடைக்காரர் இந்த விலக்கைக் காட்டி 28 மில்லிலிட்டர் பாட்டிலை விற்றால் நம்பாதீர்கள். இறக்குமதியாளர் பெயரே இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

வாங்கிவிட்டீர்கள், பாதிப்பும் வந்துவிட்டது என்றால் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டியவை: பில் அல்லது ஆன்லைன் ஆர்டரின் நகல், லேபிளின் எல்லாப் பக்கமும் தெரியும் படங்கள், கெட்டுப்போன மாடலின் படம், மருத்துவச் சீட்டும் செலவு ரசீதும், மிச்சத் திரவத்தோடு இறுக மூடிய பாட்டில். இந்தக் கடைசிப் பொருள்தான் முக்கியம். ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் மாதிரியை அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. திரவம் குப்பைக்குப் போய்விட்டால் எதை அனுப்புவது?

முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார். ஆன்லைன் வணிகத் தளமானால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு.

எச்சரிக்கை வாசகம் போதாததால் காயமோ பொருட்சேதமோ வந்தால் அதே சட்டத்தின் 84ஆம் பிரிவில் தயாரிப்பாளர் பொறுப்பாவார். தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லையென்றால் 86ஆம் பிரிவின்படி விற்றவர் தலையில் விடியும். ஆனால் நீங்கள் பாட்டிலை மாற்றியிருந்தால், கலந்திருந்தால், தவறாகப் பயன்படுத்தியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். மறுபடியும் சொல்கிறேன்: வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

மாடல் செய்து விற்றுப் பிழைப்பவர்கள், "நாங்கள் வியாபாரிகள், எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது" என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். "பொம்மை பெயின்ட்டுக்கெல்லாமா புகார்?" என்று கவுன்டரில் சிரிக்கும் அதிகாரிகள் உண்டு. சிரிக்கட்டும். முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள், வாங்காமல் நகராதீர்கள்.

லேபிளைப் படியுங்கள். பில்லை வையுங்கள். பாட்டிலை மாற்றாதீர்கள். இந்த மூன்றையும் செய்யாதவருக்கு 1915 எண்ணும் உதவாது, ஆணையமும் உதவாது.