முதற்பனியும் பனிச்சரிவும்

வெண்பனி பெய்யாத நாட்டில் வாழும் நாம் பனிச்சரிவைப் படங்களில்தான் காண்கிறோம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைவாசிகளுக்கோ அது உயிர்ப் பிரச்சினை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் அங்கே பனி குறைவாகவே கிடக்கும். பனி குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. ஏன் என்று பார்ப்போம்.

பனிக்கு அடியிலுள்ள தரை ஏறக்குறைய 0 பாகையிலேயே இருக்கும். மேகமற்ற இரவிலோ பனியின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே 15, 20 பாகை வரை குளிர்ந்துவிடும். இரண்டு மீட்டர் ஆழப் பனியில் இந்த வேறுபாடு சிறிது சிறிதாகப் பரவி நிற்கும். அரை மீட்டர் பனியில் அதே வேறுபாடு நெருக்கமாக அமைகிறது. அதனால் அடியிலுள்ள பனியிலிருந்து நீராவி எழுந்து, மேலுள்ள துகள்களில் படிந்து உறைகிறது. நாளடைவில் அந்தப் பனி, சீனியைப் போல் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாக மாறிவிடுகிறது.

வெயில் படும் தெற்குச் சரிவுகளில் முதற்பனி பெரும்பாலும் உருகிவிடும். நிழல் சூழ்ந்த வடக்குச் சரிவுகளில் தங்கிவிடும். பனிச்சறுக்குக்குச் செல்வோர் பனி இருக்கும் இடத்தைத்தானே தேடுவர்? பலவீனமான பனி கிடப்பதும் அங்கேதான்!

பின்னர் புதுப்பனி பெய்கிறது. காற்று அதை வாரிக்கொண்டு வந்து இறுகிய பலகையைப் போல் மேலே படிய வைக்கிறது. ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன்மேல் ஓர் அட்டையை வைத்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். மலையில் நிகழ்வதும் இதுவே. ஒரு மனிதனின் பாரத்தால் அடிப்பனி நொறுங்கினால், மேலுள்ள பலகை முழுவதும் பிளந்து சரிகிறது. பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பாலோர், தாங்களோ தம் தோழர்களோ கிளப்பிவிட்ட சரிவிலேயே சிக்குகின்றனர்.

அபாயத்தை எவ்வாறு மதிப்பிடுவது? முதலாவது, அன்றைய எச்சரிக்கை அறிக்கை. ஐரோப்பாவில் 1993 முதல் அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அறிவிக்கின்றனர். மூன்றாம் படி நடுவில்தானே இருக்கிறது என்று அலட்சியம் செய்யலாகாது. அந்நாள்களிலும் பலர் மாண்டிருக்கின்றனர்.

இரண்டாவது, சரிவின் சாய்வு. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் மிகுந்த கவனம் தேவை.

மூன்றாவது, மலை தரும் அடையாளங்கள். அண்மையில் சரிந்த பனி, காலடியில் ஓடும் வெடிப்பு, மிதிக்கும்போது 'தொம்' என்று அமுங்கும் ஓசை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். பாறைகளின் அருகே பனி மெல்லியதாக இருப்பதால், நம் பாரம் அடிப்பனியை எளிதில் எட்டிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புதையுண்டவரை முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஊரிலிருந்து உதவி வந்து சேர அந்த நேரம் போதாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவியும், துழாவும் கோலும், மண்வாரியும் இருத்தல் அவசியம்.

கட்டடத்தின் உறுதியை அதன் அடித்தளத்தைக் கொண்டே அறிகிறோம். பனியும் அப்படித்தான். எவ்வளவு பனி கிடக்கிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், அது எதன்மேல் கிடக்கிறது என்றும் கேட்பவரே மலையிலிருந்து நலமாக வீடு திரும்புவார்.