ரிப்போர்ட் நெகட்டிவ்தான்... ஆனாலும் கவனிப்பு ஏன்? ஜிம்பாப்வே குழந்தைகளும் 20 கிராம் வேர்க்கடலைப் பசையும்!

ஹெச்.ஐ.வி தொற்றுள்ள தாய்க்கு, பிரசவ நாளைவிடப் படபடப்பான நாள் ஒன்று உண்டு. குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாள். தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலில் 18 மாதம்வரைகூடத் தங்கியிருக்கலாம். அதனால் எதிர்ப்பொருள் பரிசோதனையில் முடிவான பதில் கிடைக்க ஒன்றரை வருடம்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டால், அப்பாடா!

சிகிச்சையே இல்லாவிட்டால், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவிகிதம். தாய் ஒழுங்காக மாத்திரை எடுத்துக்கொண்டால் அது 5 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இப்படித் தப்பித்த குழந்தைகள் இன்று உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள்.

நல்ல செய்திதான். ஆனால், ரிப்போர்ட் வந்ததும் ஃபைலை மூடிவிடலாமா?

மூடக் கூடாது என்று காட்டிய நாடுகளில் முக்கியமானது ஜிம்பாப்வே. 1997-ல் தலைநகர் ஹராரேயில் தொடங்கிய 'ஸ்விட்டாம்போ' ஆய்வில் 14,110 தாய்மார்களும் அவர்களின் பச்சிளம் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். வைட்டமின் ஏ கொடுத்தால் பலன் இருக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். வெளியே வந்ததோ வேறொரு உண்மை. தாய்க்குத் தொற்று இல்லாத குழந்தைகளில், 2 வயதுக்குள் இறந்தவர்கள் 100-க்குச் சுமார் 3 பேர். தாய்க்குத் தொற்று இருந்தும் தங்களுக்குத் தொற்றாத குழந்தைகளில் அது சுமார் 9 பேர். நிமோனியா போன்ற சுவாசக் கோளாறுகள்தான் பல உயிர்களைக் கொண்டுபோயின.

வைரஸே இல்லாத குழந்தைக்கு என்ன ஆபத்து? நஞ்சுக்கொடி வழியாகத் தாய் தரும் எதிர்ப்பொருள்கள் இந்தக் குழந்தைகளுக்குக் குறைவாகவே போய்ச் சேர்கின்றன. குறைமாதப் பிரசவமும் எடைக் குறைவும் அதிகம். கருவிலேயே தாயின் உடல் போராட்டத்தைக் குழந்தையும் உணர்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், நோயாளித் தாய் இருக்கும் வீட்டில் வருமானமும் சாப்பாடும் சுருங்கிவிடும். இதில் எது எவ்வளவு காரணம் என்று தனித்தனியாகப் பிரிப்பது லேசான வேலையில்லை.

ஸ்விட்டாம்போ நடந்த காலத்தில் அங்கே தாய்மார்களுக்கு இன்றுள்ள மாத்திரைகள் கிடைக்கவில்லை. அவை வந்த பிறகு இறப்பு வித்தியாசம் குறைந்தது, முற்றிலும் மறையவில்லை. அதனால் அடுத்த கேள்வி உயிரைத் தாண்டி, வளர்ச்சி பக்கம் திரும்பியது.

2012-ல் ஷுருக்வி, சிருமன்சு என்ற இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் 'ஷைன்' ஆய்வு தொடங்கியது. கிராம சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சில ஊர்களில் கழிப்பறை கட்டி, கை கழுவ ஏற்பாடு செய்து, மண்ணையும் கோழி எச்சத்தையும் எடுத்து வாயில் போடாமல் குழந்தை விளையாடத் தனிப் பாயும் கொடுத்தார்கள். சில ஊர்களில் 6 மாதம் முதல் 18 மாதம்வரை தினமும் 20 கிராம் சத்துப் பசை கொடுத்தார்கள். வேர்க்கடலை, பால் பவுடர், எண்ணெய், வைட்டமின்கள் கலந்தது. வழக்கமான மக்காச்சோளக் கஞ்சியில் கலந்து ஊட்ட வேண்டியதுதான். நம் ஊர் சத்துமாவுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்! வேறு சில ஊர்களில் இரண்டும்.

கழிப்பறையும் சோப்பும் மட்டும் கிடைத்த குழந்தைகளின் உயரத்தில் மாற்றம் இல்லை. பலரும் எதிர்பார்க்காத முடிவு இது. பசை வேலை செய்தது. தாய்க்கு ஹெச்.ஐ.வி இருந்த குழந்தைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் சுமார் 50 சதவிகிதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தார்கள். அதே குழந்தைகளில் உணவு, சுகாதாரம் இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள் 2 வயதில் ஓடியாடுவதிலும் பேச்சிலும் முன்னேறியிருந்தார்கள். கூடுதலாகச் சில வார்த்தைகள் பேசினார்கள். மழலை கேட்கும் அம்மாவுக்கு அது சின்ன விஷயமா?

இந்த ஆய்வுக் குழந்தைகளை 7 வயதில் மறுபடியும் பரிசோதித்தபோது, அந்தப் பலன்கள் பெரும்பாலும் தங்கியிருக்கவில்லை. தாய்க்குத் தொற்று இருந்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடச் சற்றே பின்தங்கியும் இருந்தார்கள். பசை 18-வது மாதத்தோடு நின்றுபோயிருந்தது. அதன் பிறகு அந்த வீடுகளில் பெரும்பாலும் மறுபடியும் மக்காச்சோளக் கஞ்சிதான்.